கடல் தாண்டாத பட்டம்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில், இவ்வாண்டு பட்டம் பெறும் மாணவ மாணவியருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "நீ லண்டன்ல சொலிசிட்டரா இருக்கே. வெளிநாட்டுல சட்ட வேலை தேடறது எப்படின்னு நம்ம பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பேசும்மா" என்றார். "அண்ணே, வேலை தேடிப் போய்த் தோத்துட்டுத் திரும்பி வந்த கதையையும் சொல்லலாமா?" என்று கேட்டேன். "அதைத்தாம்மா முதல்ல சொல்லணும்" என்றார். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 2010-இல் நம் கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஏ., பி.எல். முடித்தேன். எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அம்மா ஐந்தாம் வகுப்பு. படிப்பை முடித்து ஒரு சீனியரிடம் ஏழெட்டு மாதம் கட்டுத் தூக்கினேன். பஸ் காசுகூடத் தேறவில்லை. கூடப் படித்த ஒருவர் லண்டன் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அப்போதுதான் ஊரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏ.சி. அறை, சுவரில் லண்டன் பாலத்தின் படம். அங்கிருந்தவர் வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "எல்.எல்.எம். ஒரே வருஷம்மா. முடிச்சதும் ரெண்டு வருஷம் வேலை விசா. அந்த ரெண்டு வருஷத்துல கடனை அடைச்சுட்டு வீடும் கட்டிடலாம்."

அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்து வங்கியில் 14 லட்சம் கடன் வாங்கினார். போதவில்லை. என் கல்யாணத்துக்கென்று அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த நகையில் 12 பவுன் கடைக்குப் போனது. நகையைக் கழற்றிக் கொடுக்கிற அன்றைக்கு அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "ஏத்தா, நீ இங்கன படிச்ச படிப்புக்கு அந்த ஊரு கோர்ட்டுல ஒன்னயப் பேச விடுவாங்களா?"

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்மா" என்றேன்.

தம்பி தங்கைகளே, எங்கள் வீட்டில் அன்றைக்குச் சட்டக் கேள்வி கேட்டவர் அம்மா ஒருவர்தான். அந்தக் கேள்வியின் அருமை எனக்கு விளங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

2011 செப்டம்பரில் லண்டன் போய் இறங்கினேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை, மூன்று பெண்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது மாணவர் விசாவின் விதி. ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குக் கணக்கு எழுதினேன். போய் இரண்டு மாதம் கழித்து, நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைஜீரியாக்காரத் தோழி சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த இரண்டு வருஷ விசாவைத்தான் எடுக்கப் போகிறார்களே."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிப்போய்ப் படித்தேன். படிப்புக்குப் பிந்திய வேலை விசாவை 2012 ஏப்ரலில் மூடப்போகிறோம் என்று பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் 2011 மார்ச் 22-ஆம் தேதியே அறிவித்துவிட்டார். நான் அந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்து தலையாட்டியது மே மாதம்! சொன்னபடி 2012 ஏப்ரல் 6-ஆம் தேதி அது மூடப்பட்டது. என் படிப்பு முடிவது செப்டம்பரில்.

கன்சல்டன்சிக்காரர் மறைத்தாரா, அவருக்கே தெரியாதா, இன்றுவரை நான் அறியேன். ஆனால் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாடகைப் பத்திரத்தைக்கூட வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஐந்து வருஷம் படித்துவிட்டு, என் வாழ்க்கையிலேயே பெரிய தொகைக்கான காரியத்துக்கு நான் படித்தது ஒரு விளம்பரப் புத்தகம். விதியைப் படிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அப்படி வந்தால் நாம் சிரிக்க மாட்டோமா?

சரி, படிப்பு முடிவதற்குள் வேலை கொடுக்கும் அலுவலகம் ஏதாவது கிடைக்காதா என்று எழுபதுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன். பெரிய சட்ட நிறுவனங்கள் பயிற்சி இடங்களுக்கு இரண்டு வருஷம் முன்னாடியே ஆள் எடுத்து முடித்துவிடும் என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. கடைசியில் ஒரே ஒரு சின்ன அலுவலகம் கூப்பிட்டது. நம் ஆட்களும் பஞ்சாபிகளும் இலங்கைத் தமிழர்களும் கட்சிக்காரர்களாக வரும் இடம். வயதான சொலிசிட்டர் ஒருவர். டீ கொடுத்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கள் கட்சிக்காரர் ஒரு பெண்மணி. இங்கே குடியிருக்கிறார். அப்பா உங்கள் ஊர்ப் பக்கம் இறந்துவிட்டார். உயில் இல்லை; ஒரு வீடு இருக்கிறது. பிள்ளைகள் மூன்று பேர். இந்தப் பெண்மணி ஊருக்குப் போகாமல் தன் பங்கை வாங்க வேண்டும். முதல் நாள் காலையில் எந்த அலுவலகத்துக்கு, என்ன காகிதத்தோடு போவீர்கள்?"

நான் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, முதல் வகுப்பு வாரிசுகள் என்று மடமடவென ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது என் அலமாரியில் இருக்கும் புத்தகத்திலும் இருக்கிறது. எந்த அலுவலகம்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால்தானே!

அவர் கடிந்து பேசவில்லை. "இங்கிலாந்துச் சட்டம் தெரிந்தவர்கள் இந்தத் தெருவிலேயே ஐம்பது பேர். எனக்கு வேண்டியது அந்தப் பக்கம் தெரிந்த ஒருவர்" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அழுதேன்.

2013 ஜனவரியில் திரும்பி வந்தேன். தெருவில், "என்ன, பாப்பா லீவுல வந்திருக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "ஆமா, லீவு" என்று பதில் சொன்னார். ஆறு மாதம் அந்த லீவு ஓடியது. ஆறாவது மாதம் கேட்பதை அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

பழைய சீனியரிடமே போய் நின்றேன். அவர் ஏதாவது குத்திச் சொல்வார் என்று பயந்தேன். "அந்தக் கட்டை எடும்மா, தாலுகா ஆபீசுக்குப் போய் வாரிசுச் சான்று என்னாச்சுன்னு பார்த்துட்டு வா" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம். 2011 மார்ச்சில் முதன்முதலாக நடந்த அகில இந்திய பார் தேர்வை, "நாமதான் லண்டன் போறோமே" என்று எழுதாமல் விட்டிருந்தேன். அதையும் எழுதித் தேறினேன். பிறகு இரண்டு வருஷம் தாசில்தார் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், சப் கோர்ட்டு, குடும்ப நீதிமன்றம் என்று அலைந்தேன். வெளிநாட்டில் கையெழுத்தான பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதை, ஒரு கட்சிக்காரர் மூன்று மாதம் பதினேழாவது நாளில் கொண்டுவந்து நீட்டியபோது கற்றுக்கொண்டேன். லண்டன் கோர்ட்டில் வாங்கிய பணத் தீர்ப்பைச் சிவில் நடைமுறைச் சட்டம் 44-ஏ பிரிவின்படி நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம் என்பதையும், வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பு எப்போது இங்கே செல்லும், எப்போது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் சொன்னதையும், கல்லூரியில் மார்க்குக்காகப் படித்தேன். இப்போது கண்ணீரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காகப் படித்தேன்.

2015-இல் ஒரு நாள் ராத்திரி, என்ன தோன்றியதோ, அந்த லண்டன் சொலிசிட்டருக்கு மின்னஞ்சல் எழுதினேன். "ஐயா, 2012-இல் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது" என்று தொடங்கி, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட வேண்டிய பவர், பாகப் பத்திரமா விடுதலைப் பத்திரமா என்பது வரை, எந்த அலுவலகம், எந்த வரிசை, எத்தனை நாள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது: "தாமதம்தான், ஆனால் சரியான பதில். என்னிடம் இதே போல மூன்று கட்டுகள் இருக்கின்றன. பார்க்கிறீர்களா?"

மூன்று கட்டு முப்பது ஆனது. ஊரில் உட்கார்ந்தபடியே கருத்துரை எழுதி, பவுண்டில் ஃபீஸ் வாங்கினேன். அப்போது இங்கிலாந்தில் வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்கென்று ஒரு தனித் தேர்வு இருந்தது. இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிந்தவர் பயிற்சிக் காலம் இல்லாமலே அதை எழுதலாம். நான் அசட்டையாக விடப்பார்த்த அந்தப் பார் கவுன்சில் பதிவுதான் எனக்கு அதன் கதவைத் திறந்தது. 2016-இலும் 2017-இலுமாக எழுதித் தேறி, 2018-இல் சொலிசிட்டர் ஆனேன். அந்தப் பெரியவரின் அலுவலகமே விசாவுக்கு ஸ்பான்சர் செய்து கூப்பிட்டுக்கொண்டது. ஆக, லண்டன் வேலையை நான் லண்டனில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கண்டுபிடித்தேன்.

என் கதை போதும். இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன்.

மனித உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். டாக்டர் படிப்பு அதனால் கொஞ்சம் பயணம் செய்யும். பாலத்தின் கணக்கும் எங்கும் ஒன்றுதான், இன்ஜினியருக்கும் அப்படியே. நம் படிப்பு அப்படியில்லை. சட்டம் என்பது ஒரு எல்லைக்கு உட்பட்ட சமாச்சாரம். நம் பட்டம் தானாகக் கடல் தாண்டாது. வெளிநாட்டில் சட்ட வேலைக்கு மூன்று பூட்டு உண்டு: பட்டம், உரிமம், விசா. மூன்றுக்கும் சாவி வைத்திருப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். அது உரிமம் தராது. உரிமத்தை அந்த நாட்டு பாரோ லா சொசைட்டியோ தரும். அது விசா தராது. விசாவை அரசாங்கம் தரும். அது வேலை தராது. எல்.எல்.எம். வாங்கினால் மூன்றும் திறந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு ஒரு சாவியைக் காட்டி மூன்று பூட்டுக்குக் காசு வாங்குகிறார் என்று அர்த்தம்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய தேர்வு இப்போது இல்லை. 2021 செப்டம்பர் முதல் எல்லோருக்கும் பொதுவாக எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு. முதல் பகுதியில் இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி. இதை வெளிநாட்டு மையங்களிலும் எழுதலாம். இரண்டாம் பகுதி செய்முறை. அதன் வாய்மொழித் தேர்வுக்கு அங்கே போயாக வேண்டும். கட்டணம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 4,900 பவுண்டு. புதுப் பட்டதாரிக்கு இரண்டு வருஷத் தகுதி அனுபவமும் வேண்டும்; அதை நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம், சொலிசிட்டர் அலுவலகத்தில் பாராலீகலாக வேலை பார்த்ததும் கணக்கில் சேரும். ஆனால் தன் நாட்டில் ஏற்கனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவருக்கு அந்த இரண்டு வருஷ நிபந்தனை இல்லை. இங்கே பதிந்துவிட்டுப் போகிறவருக்கும் பதியாமல் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டு வருஷம்!

விசாவுக்கு வருவோம். என் காலத்தில் மூடிய கதவை 2021 ஜூலை 1-ஆம் தேதி வேறு பெயரில் திறந்தார்கள். முதுகலை முடித்தவருக்கு இரண்டு வருஷம் என்றார்கள். இப்போது அதை, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்குப் பதினெட்டு மாதம் என்று குறைத்து விதி கொண்டுவந்திருக்கிறார்கள். 2026 செப்டம்பரில் சேர்ந்து 2027-இல் எல்.எல்.எம். முடிப்பவருக்குக் கிடைப்பது பதினெட்டு மாதம்தான். ஏதாவது ஒரு ஏ.சி. அறையில் இன்றைக்கும் "ரெண்டு வருஷம்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு நடந்தது அப்படியே திரும்புகிறது, பாருங்கள். அதற்குப் பிறகு தங்க வேண்டுமானால் வேலை கொடுப்பவர் ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் வருஷத்துக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனாலும் சின்ன அலுவலகங்கள் ஒரு பாராலீகலுக்கு அந்தச் சம்பளம் தருவது கஷ்டம். நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவள்; மனசாட்சியோடு சொல்கிறேன்.

கனடாவில் சட்டச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு என்.சி.ஏ. என்ற குழு உண்டு. அவர்கள் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து என்னென்ன பாடம் எழுத வேண்டும் என்று சொல்வார்கள். நிர்வாகச் சட்டம், அரசியல் சட்டம், குற்றவியல், கனடாச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்தும் கட்டாயம். அது முடிந்த பிறகுதான் மாகாணத்தின் பார் தேர்வு. ஒண்டாரியோவில் பாரிஸ்டர், சொலிசிட்டர் என்று இரண்டு தேர்வும், ஆர்ட்டிக்ளிங் என்ற பயிற்சிக் காலமும் உண்டு. இதில் ஒரு நல்ல செய்தி: என்.சி.ஏ. மதிப்பீட்டுக்கு இங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். டொராண்டோவில் தமிழ் பேசும் கட்சிக்காரர்கள் ஏராளம். தமிழில் ஒரு அபிடவிட்டை விளக்கிச் சொல்லத் தெரிந்த வக்கீலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு பார். நம்மவர் பெரும்பாலும் நாடுவது நியூயார்க். நம் பட்டம் கால அளவிலும், ஆங்கிலேயப் பொதுச் சட்டம் என்ற அடிப்படையிலும் ஈடாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டில் ஒன்று குறைந்தால் அங்கே 24 கிரெடிட் எல்.எல்.எம். படித்து ஈடுகட்டலாம். எழுதித் தேறிய பிறகும் ஐம்பது மணி நேர இலவசச் சட்ட சேவை செய்துகாட்ட வேண்டும். ஆனால் பாரில் தேறியது ஒரு பூட்டு, விசா இன்னொரு பூட்டு. 2025 செப்டம்பரில் எச்-1பி புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஒரு அறிவிப்பு வந்து எத்தனை வீட்டில் தூக்கம் போயிற்று என்று பேப்பரில் படித்திருப்பீர்கள்.

சிங்கப்பூரில் அங்கீகரித்த வெளிநாட்டுச் சட்டப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகம் எதுவும் கிடையாது. "சிங்கப்பூர்ல நம்ம பாஷை பேசுறாங்களே" என்று பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். துபாயில் உள்ளூர் நீதிமன்றத்தின் மொழி அரபி. 2004-இல் தொடங்கிய துபாய் நிதி மையத்தின் நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில், பொதுச் சட்ட முறையில் நடக்கின்றன. ஆனால் வளைகுடாவில் நம்மவருக்குக் கிடைக்கும் சட்ட வேலை பெரும்பாலும் கோர்ட்டில் இல்லை. கம்பெனிகளின் சட்டப் பிரிவில் ஒப்பந்தம் பார்க்கும் வேலை. அது மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். அதற்கும் இங்கே நாலு வருஷம் ஒப்பந்தம் எழுதிப் பழகியவரைத்தான் கேட்கிறார்கள்.

நாம் எதற்கும் முன்தீர்ப்பு காட்ட வேண்டுமல்லவா? ஒன்று காட்டுகிறேன். 1891-இல் லண்டனில் பாரிஸ்டர் ஆன ஒரு இளைஞர் பம்பாய் வந்தார். முதல் வழக்கில் எழுந்து நின்றவர் பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். தொழில் ஓடவில்லை. 1893-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒரு குஜராத்தி வியாபாரியின் கம்பெனி, ஒரு வருஷத்துக்கு 105 பவுண்டும் கப்பல் செலவும் தருவதாகக் கூப்பிட்டது. அவர்களிடம் பெரிய வெள்ளைக்கார வக்கீல்கள் இருந்தார்கள். கட்சிக்காரருக்கும் அந்த வக்கீல்களுக்கும் நடுவில் நின்று, விஷயத்தை விளக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. போன இளைஞர், வழக்கே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று கண்டு, கணக்கெழுதும் வித்தையை முதலிலிருந்து படித்தார். அடுத்த வருஷம் நேட்டால் நீதிமன்றத்தில் பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த வக்கீல் சங்கம் எதிர்த்தது. அதையும் தாண்டிப் பதிந்தார். பதிந்த சில மாதத்தில், முன்பல் உடைந்து வாயில் ரத்தம் ஒழுக ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளி அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம். வக்கீலின் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் படத்துக்குக் கீழேதான் நான் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

காந்தியடிகளை நம்மோடு ஒப்பிடவில்லை. ஆனால் வெளிநாட்டில் சட்ட வேலை தேடிய ஒரு இளம் வக்கீலாக அவரைப் பாருங்கள். அவரைக் கூப்பிட்டது பட்டத்துக்காக மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் என்பதற்காகக் கூப்பிட்டார்கள். நூற்று முப்பது வருஷத்தில் அது மாறவில்லை. அவர்கள் நாட்டுச் சட்டத்தை அவர்களைவிட நீங்கள் நன்றாகப் படித்துவிடலாம். அதற்கு வருஷங்கள் ஆகும். உங்கள் ஊர்ச் சட்டத்தை உங்களைவிட நன்றாக அவர்கள் அறியவே முடியாது. உங்கள் கையில் இருக்கும் முதல் அது. அதைச் சம்பாதிக்காமல் கப்பல் ஏறாதீர்கள்.

ஆகவே, போக விரும்புகிற பிள்ளைகளுக்குச் சில வார்த்தை.

ஒன்று, முதலில் இங்கே பதிவு செய்யுங்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பணம் இல்லை என்ற சாக்கும் போயிற்று. அகில இந்திய பார் தேர்வையும் எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் முழு நேரச் சம்பள வேலையில் சேர்ந்தால், பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்தி வைப்பதும் உங்கள் பொறுப்பு.

இரண்டு, குறைந்தது இரண்டு வருஷம் ஒரு சீனியரிடம் இருங்கள். அதிலும் எல்லை தாண்டிய விவகாரம் எது வந்தாலும் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுப் பவர், குழந்தைப் பொறுப்பு, கப்பல் சரக்கு, ஏற்றுமதி ஒப்பந்தம். திருப்பூர், தூத்துக்குடி, சிவகாசி எல்லாம் நம் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே இல்லாத சர்வதேச வழக்கா?

மூன்று, காகிதம். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் விவரப் பட்டியல், பார் கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்று, தேவைப்பட்டால் அப்போஸ்டில் முத்திரை, எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஊரில் இருக்கும்போதே வாங்குங்கள். லண்டனில் உட்கார்ந்துகொண்டு தம்பியை அலைய விடாதீர்கள்.

நான்கு, விதியை அந்த நாட்டு அரசாங்கமும் அந்த நாட்டு பாரும் வெளியிடும் இடத்தில் நீங்களே படியுங்கள். படித்த தேதியை எழுதி வையுங்கள். பணம் கட்டும் நாளன்று இன்னொரு முறை படியுங்கள். பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஸ்பான்சர் கடிதத்துக்கு விலை சொல்கிறவர் வேலை கொடுப்பவர் அல்ல, திருடர். எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்து, கடன். கடன் வாங்குமுன் ஒரே ஒரு கணக்குப் போடுங்கள்: வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், இந்த ஊர்ச் சம்பாத்தியத்தில் இதை அடைக்க முடியுமா? முடியும் என்றால் போங்கள். முடியாது என்றால், அந்தக் கடனை வாங்குவது நீங்கள் அல்ல. உங்கள் அப்பாவும் அம்மாவும்.

என் கடன் 2019 மார்ச்சில் அடைந்தது. நிலப் பத்திரம் திரும்பி வந்தது. அந்த 12 பவுனை மீட்க முடியவில்லை. எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. அம்மா எனக்குச் சொல்லவே இல்லை. நான் வேறு வாங்கிப் போட்டேன். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "இப்ப ஒன்னய அந்த ஊரு கோர்ட்டுல பேச விடுறாங்களா?"

"விடுறாங்கம்மா. எந்தக் கோர்ட்டுல பேசலாம், எதுல பேசக்கூடாதுன்னும் தெரியும்" என்றேன். சொலிசிட்டருக்குக் கீழ் நீதிமன்றங்களில் பேச உரிமை உண்டு, மேல் நீதிமன்றங்களுக்குத் தனித் தகுதி வேண்டும் என்பதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே படிச்சுருக்கலாம்ல" என்றார். அதற்கு மேல் ஒரு தீர்ப்பு உண்டா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணிவரை, பழைய நூலகத்துக்கு எதிரே அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். வெளிநாடு போக யோசிக்கிறவர்கள் வாருங்கள். விளம்பரப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம். மதிப்பெண் பட்டியலையும், நீங்களே படித்து அடிக்கோடு போட்ட விதியையும் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.